அம்பத்தூரில் ஓடிய சந்திர வண்டி

சந்திரனில் எட்டுச் சக்கர வண்டி ஒன்று மண்ணைச் சோதித்துக்கொண்டு ஊர்ந்த அதே வாரத்தில், அம்பத்தூரில் நான் ஒரு நல்ல மனிதரின் வேலைக்கு உலை வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல டீ குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டும் 1970 நவம்பரில் நடந்தவை. முதலாவதற்கு ரஷ்யர்கள் பொறுப்பு. இரண்டாவதற்கு முழுப் பொறுப்பும் நான்தான்.

அப்போது மண்ணூர்பேட்டைப் பக்கம், தொழிற்பேட்டையில், பம்புகளுக்கு ஷாஃப்ட் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு லேபில் வேலை. லேப் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பத்துக்குப் பத்து அறை, ஒரு தராசு, ஒரு குழாய் உலை, ஒரு ஸ்டூல், ஸ்டூலின்மேல் நான். எஃகைத் துளைபோட்டுத் துருவலெடுத்து, உலையில் எரித்து, கிளம்பும் வாயுவை அளந்து, இதில் கார்பன் இவ்வளவு என்று எழுதிக்கொடுப்பேன். ஒரு துண்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் யாராவது கதவைத் தட்டினால், ஏதோ ஆபரேஷன் நடக்கிற மாதிரி கையைக் காட்டி வெளியே நிறுத்துவேன்.

பேப்பரில் அந்த வண்டியைப் பற்றிப் படித்த அன்று ரயிலில் என்னால் உட்காரவே முடியவில்லை. ஆவடியில் ஏறியதிலிருந்து, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரைப் பிடித்துக்கொண்டேன்.

"மூடி போட்ட அண்டாவை எட்டுச் சக்கரத்துல ஏத்தின மாதிரி கீதுங்க. மூடியைத் திறந்து வெயில்ல காய வெச்சா கரண்டு. ராத்திரி ஆனா மூடிக்கும். ஓட்றவன் பூமில உக்காந்துகினு ஓட்றான்."

"சரிங்க," என்றார் அவர்.

"அது இல்ல விசயம். அது வயித்துல ஒரு பொட்டி கீது. அந்தப் பொட்டி மண்ணு மேல எக்ஸ்ரேவை அடிக்கும். மண்ணுல இன்னா இன்னா கீதோ அதெல்லாம் திருப்பிக் குரல் குடுக்கும். இஸ்கூல்ல ஆஜர் எடுக்கற மாதிரி. இரும்பு ஒரு குரல்ல உள்ளேன் ஐயான்னும், சுண்ணாம்பு வேற குரல்ல உள்ளேன் ஐயான்னும். யார் யார் வந்திருக்காங்கன்னு வண்டி எழுதி அனுப்பிடும்."

அவர் திருமுல்லைவாயிலிலேயே இறங்கிவிட்டார். அவர் போகவேண்டிய ஊர் அதுதானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

ஆனால் என் பரவசத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் அமெரிக்கர்கள் ஆளையே அனுப்பிக் கல்லை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். அது கல்லை லேபுக்குக் கொண்டுவருகிற வழி. நான் தினமும் செய்வது. இது லேபையே கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற வழி. கல் இருந்த இடத்தில் இருக்கும். பெட்டி போய்க் கேட்டுவிட்டு வரும். அதுவும் போதாதென்று அந்த வண்டி ஒரு கூம்பைத் தரையில் அமுக்கி, ஒரு திருகு திருகி, மண் எவ்வளவு கெட்டி என்றும் பார்த்ததாம். நம் ஆட்கள் வீடு கட்டும்முன் கடப்பாரையைக் குத்திப் பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சந்திரன் ஒன்றுதான் வித்தியாசம்.

இனி நான் வைத்த உலையைச் சொல்லவேண்டும்.

அதற்கு ஒரு மாதம் முன்பு ஆயுத பூஜை. எங்கள் கம்பெனி ஸ்டோர் கீப்பர் பூந்தமல்லிக்காரர், எல்லோருக்கும் பாய். பூஜைக்கு வேண்டிய பூ, பொரி, பூசணிக்காய் எல்லாம் வருஷாவருஷம் அவர்தான் பூந்தமல்லியிலிருந்து வாங்கிவருவார். அவர் கொண்டுவரும் சாமந்தி மாதிரி வேறு யாரும் கொண்டுவந்ததில்லை. அந்த வருஷமும் பூ வாங்கக் கிளம்பும்போது, எஃகு ராடுகள் அடுக்கிவைத்த யார்டின் சாவியை என் கையில் கொடுத்தார்.

"கழுவி உட்டு, மாவிலை கட்டினா போதும் நைனா. வேற எதுவும் வாணாம்."

எனக்கோ அலங்காரத்தில் ஒரு கை பார்க்கவேண்டும் என்று ஆசை. யார்டில் இருநூற்றுப் பத்து ராடுகள் இருந்தன. பார்க்க எல்லாம் ஒரே தடிமன். ஆனால் இரண்டு ரகம்: கார்பன் குறைந்த மெது ரகம், கார்பன் கூடின கெட்டி ரகம். எது எது என்று தெரிய, முனையில் மெதுவுக்குப் பச்சையும் கெட்டிக்கு மஞ்சளும் பெயின்ட் அடித்திருக்கும். அது ஒன்றுதான் அடையாளம். மழை, துரு, எண்ணெய் எல்லாம் பட்டு அந்தப் பச்சையும் மஞ்சளும் பார்க்கச் சகிக்கவில்லை. ஆகவே நான் என்ன செய்தேன் என்றால், எல்லா ராடையும் இறக்கவைத்துத் தரையைக் கழுவி, நீளவாரியாக அழகாகத் திரும்ப அடுக்கச்சொல்லி, இருநூற்றுப் பத்து முனைக்கும் வெள்ளி பெயின்ட் அடித்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமப் பொட்டும் வைத்தேன். சாயங்கால வெயிலில் பார்த்தால் இருநூற்றுப் பத்து வெள்ளி ரூபாய் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. எனக்கே கண் கலங்கியது.

பூவோடு திரும்பிய பாய் ராடு முனைகளைக் குனிந்து பார்த்தார்.

"கலரு எங்க?" என்றார்.

"கவலையே படாதீங்க பாய். இந்தப் பக்கம் மெது, அந்தப் பக்கம் கெட்டி. மாத்தவே இல்ல."

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்தேன். நீளவாரியாக அடுக்கு என்று நான் சொன்னதை ஆட்கள் அப்படியே கேட்டு, ரகத்தைப் பார்க்காமல் நீளத்தை மட்டும் பார்த்து இரண்டையும் கலந்து அடுக்கியிருந்தார்கள் என்பதுதான் விஷயம். என் வாழ்க்கையில் நான் சொன்னதை ஒருவர் விடாமல் கேட்ட ஒரே நாள் அது.

ஒரு மாதம் பழைய மிச்சத்தில் வேலை ஓடியது. நவம்பரில் யார்டு ராடுகள் சிலவற்றின் பின்முனையில் ஷாஃப்ட்டுக்குத் துண்டு வெட்டியதும் வினை வந்தது. கெட்டி ரகம் என்று காய்ச்சி எண்ணெயில் முக்கியெடுத்த ஷாஃப்ட்டுகளில் பாதி கெட்டியாகவே இல்லை. அரம் வைத்தால் வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு வந்தது. ஒரு திங்கட்கிழமை மேனேஜர் பாயைக் கூப்பிட்டார். ஜன்னலுக்கு வெளியே, குழாயில் கை கழுவுகிற சாக்கில் நான்.

"யார்யா எல்லாத்துக்கும் வெள்ளி அடிச்சது?"

"யார்டு என் பொறுப்பு சார்," என்றார் பாய். அவ்வளவுதான் சொன்னார்.

நான் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். எலும்பு தெரிகிறவரை கழுவினேன் என்று நினைக்கிறேன்.

மேனேஜர் ஒரு கடிதம் டைப் அடிக்கச்சொன்னார். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எது எந்த ராடு என்று பிரித்துக்கொடுத்தால், அஜாக்கிரதை என்று எழுதின அந்தக் கடிதம் பாயின் ஃபைலில் போகும். பிரிக்கவில்லை என்றால் அதே கடிதத்தின் அடியில் இன்னொரு வரி சேரும். ஒன்பது வருஷம் வேலை பார்த்தவர் அத்தோடு வீட்டுக்குப் போகவேண்டும்.

என் லேபில் ஒரு துண்டுக்கு ஒரு மணி நேரம் என்று சொன்னேன் அல்லவா. இருநூற்றுப் பத்து மணி நேரம். சனிக்கிழமை மத்தியானம்வரை இருந்த வேலை நேரம் அதில் பாதிகூட இல்லை. போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை மேனேஜர் அறைக் கதவுவரை போனேன். இரண்டு தடவையும் அவர் நலமா என்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். பிரச்சினையைத் தீர்த்துவிட்டால் சொல்லவேண்டிய அவசியமே வராது என்று ஒரு கணக்கு. கோழைகள் எல்லோரும் நல்ல கணக்குப் பிள்ளைகள்.

செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் வரும்போதுதான் அது உறைத்தது. ராடை ஏன் லேபுக்குத் தூக்கவேண்டும்? லேப் ராடிடம் போகட்டும்.

எஃகைக் கிரைண்டிங் வீலில் வைத்தால் பொறி பறக்கும். அந்தப் பொறியைப் பார்த்தே என்ன எஃகு என்று சொல்லலாம். பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. கார்பன் குறைவாக இருந்தால் பொறி நீளமாக, நேராக, வாயைத் திறக்காமல் போகும். கார்பன் கூடக்கூட, நுனியில் வெடித்து, கிளைகிளையாய்ப் பிரியும், கம்பி மத்தாப்பு மாதிரி. சந்திரனில் எக்ஸ்ரே கேட்கிற கேள்வியை இங்கே வீல் கேட்கும். மண் அங்கே குரல் கொடுத்தால் எஃகு இங்கே பூ விடும். வீலை ராடிடம் கொண்டுபோனால் போதும்.

எங்கள் ஃபிட்டரிடம் ஓடினேன். மண்ணூர்பேட்டைக்காரன். கையில் எதைக் கொடுத்தாலும் ஓடவைப்பான். வாயைத் திறந்தால் நம்மை ஓடவைப்பான்.

"இன்னா மாமே, மூச்சு வாங்குது? ஊட்ல எதுனா பிரச்சினையா?"

சந்திர வண்டியைச் சொன்னேன். எக்ஸ்ரேவைச் சொன்னேன். கையால் வரைந்து காட்டினேன். அவன் கடைசிவரை கேட்டான்.

"அப்போ ரஸ்யாக்காரன் சந்திரனுக்கு உட்டத நீ யார்டுக்கு உடப்போற."

"ஆமா."

"யார்டு நூறு அடிகூட இல்லியே மாமே. அதுக்கு வண்டி எதுக்கு, நட்ந்தே போலாமே."

ஆனாலும் செய்தான். நாலு சக்கரத் தள்ளுவண்டியில் மோட்டாரை ஏற்றி, அதிலிருந்து பாம்பு மாதிரி வளையும் கேபிள் ஒன்றை இழுத்து, அதன் முனையில் கிரைண்டிங் வீலைப் பொருத்தினான். பொறியின் பூ வெளிச்சத்தில் தெரியாது. ஆகவே வண்டியின்மேல் மூங்கில் வளைத்துக் கறுப்புப் போர்வை போர்த்தினோம். போர்வைக்கு உள்ளே, போட்டோ பிடிக்கிறவன் மாதிரி குந்தியபடி நான். வெளியே முன்பக்கம், போர்வைக்குள் கையை மட்டும் நுழைத்து, வீலைப் பிடித்தபடி அவன். நாலாவது சக்கரம் மட்டும் வேறு ஒரு வண்டியினுடையது. அது பூந்தமல்லிப் பக்கம் போகப் பார்த்தது, மற்ற மூன்றும் ஆவடிப் பக்கம். பின்னாலிருந்து தள்ளியவர் பாய். கையில் பச்சை டப்பாவும் மஞ்சள் டப்பாவும் மாட்டியிருந்தார்.

புதன்கிழமை மழை விட்ட நேரமாகப் பார்த்து வண்டி யார்டுக்குள் இறங்கியது. 

முதல் ராடு. ஃபிட்டர் வீலைத் தூக்கினான், நிறுத்தினான்.

"இன்னா?"

"பொட்டு கீது."

ஒரு மாத மழையில் சந்தனம் கரைந்திருந்தாலும் ஒவ்வொரு முனையிலும் குங்குமம் ஊறிச் சிவப்பாக நின்றது.

"பூஜை போட்ட பொட்டு மேல நான் வீலு வெக்க மாட்டேன் மாமே. கை போயிடும். பொட்டுக்குப் பின்னாடி, பக்கவாட்டுல வெக்கிறேன்."

"எங்க வெச்சா இன்னா, இரும்பு இரும்புதான்," என்றேன். இந்த வாக்கியத்தை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன முட்டாள்தனமான வாக்கியங்களில் இதற்கு நல்ல இடம் உண்டு.

வீல் பட்டது. கறுப்புப் போர்வைக்குள் பொறி பாய்ந்தது. நீளமாக, நேராக, சாதுவாக.

"மெது," என்று கத்தினேன். பாய் பச்சை வைத்தார். அடுத்தது. மெது. அடுத்தது. மெது. முப்பது ராடு முடிந்தபோது முப்பதும் பச்சை. பாய் மஞ்சள் டப்பாவின் மூடியை இன்னும் திறக்கவே இல்லை.

"நைனா," என்றார் போர்வைக்கு வெளியே இருந்து, மெதுவாக. "பாதிக்குப் பாதிதான் வந்திச்சி. நானே எண்ணி எறக்கினேன்."

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வராந்தாவில் வந்து நின்றார். போர்வையை விலக்கிப் பார்த்தேன். அவர் பச்சை முனைகளை வரிசையாகப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். பாய் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

 அடுத்த ராடில் ஃபிட்டர் வீலை வைத்தான். அதே சாதுப் பொறி. "போதும், எடு," என்றேன்.

சந்திரனுக்குச் சிக்னல் போய்வர இரண்டரை வினாடி ஆகுமாம். ஓட்டுகிறவன் பள்ளத்தைப் பார்க்கும்போது வண்டி ஏற்கெனவே கொஞ்சம் நகர்ந்திருக்கும். எங்கள் ஃபிட்டருக்கு மோட்டார் சத்தத்தில் ரஷ்யாக்காரனைவிடக் கொஞ்சம் கூடவே நேரம் பிடிக்கும். நான் போதும் போதும் என்று கத்த, அவன் ஏதோ உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்து இன்னும் அழுத்தினான். வீல் இறங்கியது. இறங்கியபடியே இருந்தது. திடீரென்று பொறியின் நுனி வெடித்தது. ஒன்று இரண்டாகி, இரண்டு ஐந்தாகி, என் முகத்துக்கு முன்னால் தீபாவளி.

"எடுக்காதே," என்று கத்தினேன்.

அது மட்டும் உடனே கேட்டுவிட்டது. எடுத்துவிட்டான்.

"முடிவா ஒண்ணு சொல்லு மாமே. வெக்கட்டா, எடுக்கட்டா?"

தோல்தான் காரணம். ராடைச் சூடாக்கி உருட்டும்போது மேல்தோலில் இருக்கும் கார்பன் எரிந்துபோய்விடும். வெளியே மெது, உள்ளே கெட்டி. வெட்டிய முனையில் வைத்திருந்தால் முதல் ராடிலேயே தெரிந்திருக்கும். அங்கே நான் பொட்டு வைத்திருந்தேன். லேபில் துருவல் எடுக்கும்போது முதலில் வரும் தோலை நானே தினமும் கொட்டுவேன். வண்டியில் ஏறியதும் படித்ததெல்லாம் இறங்கிவிட்டது.

இதை இங்கே நிறுத்திவிட்டு ஒன்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. எத்தனையோ வருஷம் கழித்து, செவ்வாய் கிரகத்துக்கு அனுப்பிய ரோவர் வண்டிகளைப் பற்றி டி.வி.யில் காட்டினார்கள். ஒன்றின் கை நுனியில் சின்னதாக ஒரு கிரைண்டிங் வீல். பாறையின் மேல்தோல் காற்றும் தூசியும் பட்டு மாறியிருக்கும், அது பொய் சொல்லும், ஆகவே முதலில் தோலைச் சீவிவிட்டு அப்புறம்தான் பெட்டியை வைத்துப் படிப்பார்களாம். அதற்கு அப்புறம் போன ஒன்று இன்னும் ஒரு படி மேல்: சில மீட்டர் தள்ளி நின்றே பாறைமேல் லேசரைச் சுடும், பாறையில் ஒரு பொறி கிளம்பும், அந்தப் பொறியின் வெளிச்சத்தைப் பிரித்து, என்ன என்ன இருக்கிறது என்று சொல்லிவிடும். நான் நாற்காலியிலிருந்து எழுந்து, இது நம்ம வேலை, இது நம்ம வேலை என்று குதித்தேன். வீட்டில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. பழகிவிட்டார்கள்.

அந்த ரோவர்கள் செய்யும் இன்னொரு காரியத்தையும் நாங்கள் அன்று மத்தியானம் செய்தோம். என்னவென்று முன்கூட்டியே தெரிந்த சில துண்டுகளை அவை தங்கள் உடம்பிலேயே மாட்டிக்கொண்டு போகும். அவ்வப்போது அதைப் படித்து, கண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும். நான் லேபுக்கு ஓடி, முன்பே சோதித்துவைத்த மெது துண்டு ஒன்று, கெட்டி துண்டு ஒன்று கொண்டுவந்து வண்டியில் கட்டினேன். பத்து ராடுக்கு ஒரு தடவை அந்த இரண்டிலும் வீலை வைத்துக் கண்ணைக் கழுவிக்கொண்டேன்.

அப்புறம் நடந்தது வேலையே இல்லை, திருவிழா. முதல் முப்பதையும் திரும்பப் போட்டோம். தோலைச் சீவு, உள்ளே இறங்கு, பார், கத்து. "மஞ்சள்." "பச்சை." "மஞ்சள்." பாய் பச்சைமேல் மஞ்சளை அப்பிக்கொண்டே வந்தார். மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் பக்கத்துச் செக்ஷன் ஆட்கள் டிபன் தூக்கோடு வந்து வரிசையாக நின்றுவிட்டார்கள். போர்வை ஓட்டை வழியாகப் பார்க்க க்யூ. அடுத்தது பச்சையா மஞ்சளா என்று சொல்லிப் பார்த்தார்கள். ஒருவன் தொடர்ந்து ஏழு சரியாகச் சொல்லி, லேப் வேலை எப்போது காலியாகும் என்று என்னிடமே கேட்டான். வியாழன் சாயங்காலம் கடைசி ராடு. நூற்று நாலு பச்சை, நூற்று ஆறு மஞ்சள்.

"நூத்தி அஞ்சு அஞ்சு வரணும்," என்றார் பாய். வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை.

ஒரு ராடு தப்பு. எது? மஞ்சள் வைத்ததில், இரண்டு ரகத்துக்கும் நடுவே சந்தேகமாக எனக்குப் பட்டவை மூன்று. அவற்றில் சாக்கட்டியால் குறி போட்டிருந்தேன். மூன்றிலும் துருவல் எடுத்து லேபில் எரித்தேன். மூன்று மணி நேரம். பாய் வாசலில் நின்றார். இந்தத் தடவை கையைக் காட்டி நிறுத்தவில்லை, உள்ளே கூப்பிட்டு ஸ்டூலைக் கொடுத்தேன். மூன்றாவதுதான் மெது. மஞ்சளை அழித்துப் பச்சை வைத்தார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு பத்து ராடைக் காட்டினார். அதன் துருவல் பட்டணத்தில் ஒரு பெரிய லேபுக்குப் போனது. என் கையில் கொடுக்கவில்லை, வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினார். சனிக்கிழமை காலை பதினொன்றுக்குப் போன் வந்தது. நாங்கள் மூன்று பேரும் அவர் அறையில் நின்றோம். அவர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பேப்பரில் டிக் போட்டார். பத்து டிக்.

"திங்கள்கிழமை வேலை ஆரம்பிக்கலாம்," என்றார். "பாய், நீங்க இருக்கீங்க. ஆனா இந்த லெட்டர் ஃபைல்ல போகும், அதை நான் மாத்த முடியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஆளு கெட்டிக்காரன்யா. சந்திரன்ல நடக்கிறதைப் பேப்பர்ல படிச்சு இங்க கொண்டுவந்திருக்க. உன் ஃபைல்ல ஒரு நல்ல வார்த்தை எழுதி வைக்கிறேன்."

ஃபிட்டர் மேலே ஃபேனைப் பார்த்தான். பாய் எதையும் பார்க்கவில்லை. அந்த நல்ல வார்த்தையைச் சத்தம்போடாமல் வாங்கிக்கொண்டு வெளியே போயிருக்கலாம். என் கால் அதற்குத் தயாராகத்தான் இருந்தது. வாய்தான் காட்டிக்கொடுத்துவிட்டது.

"வெள்ளி அடிச்சது நான்தான் சார்."

"என்ன?"

"பொட்டும் நான்தான். நீளவாரியா அடுக்கச் சொன்னதும் நான்தான். பாய் பூ வாங்கப் போயிருந்தாரு. கழுவி உட்டா போதும்னுதான் சொல்லிட்டுப் போனாரு."

மேனேஜர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம், போர்வைக்குள் உட்கார்ந்து பொறியைப் பார்க்கிறவர்போல. பிறகு அந்தக் கடிதத்தை எடுத்து, பாயின் பெயரைப் பேனாவால் அடித்து, மேலே என் பெயரை எழுதினார். ஸ்டோர் கீப்பர் என்பதை அடித்து லேப் அசிஸ்டென்ட் என்று போட்டார். வேறு ஒரு வார்த்தையும் மாற்றவேண்டியிருக்கவில்லை. அத்தனையும் எனக்காகவே அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது.

வெளியே வந்ததும் பாய் கையை நீட்டினார். மேனேஜர் எனக்குத் திருத்திக்கொடுத்த கடிதக் காப்பியைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கையெழுத்துவரை நிதானமாகப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதிகீறாரு," என்றார். "அஞ்சு நாளா நீ எப்ப சொல்லுவேன்னு பாத்துகினே இருந்தேன், நைனா."

"சிக்னல் வர லேட்டாயிடுச்சி பாய்," என்றான் ஃபிட்டர்.

பாய் கடிதத்தை நாலாக மடித்து என் சட்டைப் பையில் செருகி, பையைத் தட்டிவிட்டு, யார்டைப் பூட்டப் போனார்.